ப. தனபால்

ப. தனபால் (பிறப்பு: மே 16, 1951) தமிழ்நாட்டைச் சேர்ந்த அரசியல்வாதியும், தமிழ்நாடு சட்டப்பேரவையின் முன்னாள் தலைவரும் ஆவார். அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைச் சேர்ந்த இவர், சங்ககிரி, இராசிபுரம், அவிநாசி ஆகிய தொகுதிகளிலிருந்து ஏழு முறை சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கோயம்புத்தூர் மாவட்டத்தின் அன்னூர் பகுதி அவிநாசி தொகுதியில் அடங்குவதால், 2016 மற்றும் 2021 தேர்தல்களில் அன்னூர் வட்டார மக்களின் சட்டமன்ற உறுப்பினராகவும் இவர் தேர்வு பெற்றார். அக்டோபர் 10, 2012 முதல் மே 2021 வரை பேரவைத் தலைவர் பொறுப்பில் இருந்தார். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து இப்பதவிக்கு வந்தவர்களில் இவர் இரண்டாமவர். அருந்ததியர் சமூகத்திலிருந்து வந்த முதலாமவர்.

தொடக்ககால அரசியல்

சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தனபால், எம். ஜி. இராமச்சந்திரன் 1972-ஆம் ஆண்டு அ.தி.மு.க.வைத் தொடங்கிய காலந்தொட்டு அக்கட்சியில் இருந்து வருபவர். அக்கட்சி முதன்முதலாக ஆட்சியைப் பிடித்த 1977 தேர்தலில் சங்ககிரி தனித் தொகுதியில் நின்று வென்றார். அப்போது இவருக்கு வயது 26. சட்டமன்றத்துக்குப் போட்டியிட அரசியலமைப்புச் சட்டம் விதிக்கும் குறைந்தபட்ச வயது 25 என்பதை நோக்க, அந்த அவையின் மிக இளைய உறுப்பினர்களுள் ஒருவராக இவர் இருந்திருக்க வேண்டும்.

1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசு நடுவண் அரசால் கலைக்கப்பட்டதைத் தொடர்ந்து நடந்த தேர்தலிலும், எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது நடந்த 1984 தேர்தலிலும் அதே தொகுதியில் மீண்டும் வென்றார். ஆக, எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த மூன்று சட்டமன்றங்களிலும் தனபால் உறுப்பினர். கட்சித் தாவல் தடைச் சட்டம் எனப்படும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை 1985-இல் நிறைவேறியதும் இக்காலத்திலேயே. பிற்காலத்தில் இவர் பெயர் நாடெங்கும் பேசப்படுவதற்கு அந்த அட்டவணையே காரணமாக அமைந்தது.

1988 சனவரியில் எட்டாவது சட்டமன்றம் கலைக்கப்பட்டபின் பதின்மூன்று ஆண்டுகள் இவர் அவைக்கு வெளியே இருந்தார். 2001 தேர்தலில் சங்ககிரியிலிருந்து நான்காம் முறையாக வென்று, ஜெ. ஜெயலலிதாவின் அமைச்சரவையில் உணவுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றார்.

தொகுதி மாற்றங்கள்

தனபாலின் தேர்தல் வரலாற்றை மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு, சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கும் அங்கிருந்து திருப்பூருக்கும் இவர் இடம்பெயர்ந்தது விளங்காது. இதற்குத் தொகுதி மறுசீரமைப்பே முதன்மைக் காரணம். 2008-ஆம் ஆண்டு மறுசீரமைப்பில் சங்ககிரி பொதுத் தொகுதியாயிற்று. நாமக்கல் மாவட்டத்தின் இராசிபுரம் தனித் தொகுதியாயிற்று. 2011 தேர்தலில் இராசிபுரத்தில் போட்டியிட்ட தனபால், தி.மு.க.வின் வி. பி. துரைசாமியைத் தோற்கடித்தார். துரைசாமி அதற்கு முந்தைய சட்டமன்றத்தில் துணைத் தலைவராக இருந்தவர். தேர்தலுக்குப்பின் அதே துணைத் தலைவர் பதவி தனபாலுக்குக் கிடைத்தது.

2016 தேர்தலில் கட்சி இவரை அவிநாசி தனித் தொகுதிக்கு மாற்றியது. தி.மு.க. வேட்பாளரைச் சுமார் 30 ஆயிரம் வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். 2021 தேர்தலில், மாநில அளவில் அ.தி.மு.க. ஆட்சியை இழந்த நிலையிலும், இவரது வாக்கு வேறுபாடு 50 ஆயிரத்தைக் கடந்தது. அத்தேர்தலில் இவரை எதிர்த்து உதயசூரியன் சின்னத்தில் நின்றவர் ஆதித்தமிழர் பேரவையின் நிறுவனர் இரா. அதியமான். அருந்ததியர் உரிமைகளுக்காகவும், 2009-இல் சட்டமான 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்காகவும் நெடுங்காலம் இயக்கம் நடத்தியவர் அவர். ஒரே சமூகத்தின் இரு வேறு அரசியல் பாதைகள் அன்று அவிநாசியில் நேருக்கு நேர் நின்றன எனலாம். கொங்கு மண்டலத்தில் அ.தி.மு.க. கொண்டிருந்த பிடியே முடிவைத் தீர்மானித்தது.

பேரவைத் தலைவர்

பேரவைத் தலைவராக இருந்த டி. ஜெயக்குமார் செப்டம்பர் 29, 2012 அன்று பதவி விலகினார். அக்டோபர் 10 அன்று தனபால் போட்டியின்றி அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவருக்கு முன் பட்டியல் சாதியிலிருந்து இவ்விருக்கையில் அமர்ந்தவர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை. 1937-இல் சென்னை மாநகரின் முதல் பட்டியல் சாதி மேயராகவும், 1946 முதல் 1955 வரை சென்னை மாகாண (பின்னர் மாநில) சட்டமன்றத் தலைவராகவும் இருந்தவர் அவர். இருவருக்கும் இடையே 57 ஆண்டுகள் கழிந்தன. சமூக நீதி பேசும் கட்சிகளே பெரும்பாலும் ஆண்ட ஒரு மாநிலத்தில் இந்த இடைவெளி சிறியதன்று. சூன் 3, 2016 அன்று பதினைந்தாவது சட்டமன்றத்திலும் தனபால் தலைவராகத் தேர்வு பெற்றார்.

முதல் பதவிக்காலத்தில் எழுந்த பூசல்கள் பெரும்பாலும் தே.மு.தி.க. தொடர்பானவை. பிப்ரவரி 2015-இல் அக்கட்சி உறுப்பினர்கள் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் ஆறு பேர் மீது அவை உரிமைக் குழுவின் பரிந்துரையின் பேரில் மேலும் தண்டனைத் தீர்மானம் நிறைவேற்றியது. இத்தீர்மானத்தை 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. குற்றத்துக்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்ட நிகழ்படப் பதிவை உறுப்பினர்களுக்குக் காட்டி விளக்கம் கேட்கவில்லை என்பதே காரணம். அதே மாதம் 21-ஆம் நாள், தே.மு.தி.க. அதிருப்தி உறுப்பினர்கள் எட்டுப் பேர் உட்படப் பத்து உறுப்பினர்களின் பதவி விலகலைத் தனபால் ஏற்றுக்கொண்டார். அதனால் தே.மு.தி.க.வின் எண்ணிக்கை அவையின் பத்திலொரு பங்குக்கும் கீழே இறங்கி, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் தகுதியை இழந்தார்.

2016 ஆகத்து 17 அன்று, அவை நடவடிக்கைகளுக்கு இடையூறு விளைவித்ததாகக் கூறி, ஏறத்தாழ 80 தி.மு.க. உறுப்பினர்கள் ஒரு வார காலத்துக்கு இடைநீக்கம் செய்யப்பட்டனர்.

நம்பிக்கை வாக்கெடுப்பு, 2017

டிசம்பர் 2016-இல் ஜெயலலிதா மறைந்தபின் அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்தது. பிப்ரவரி 16, 2017 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற எடப்பாடி க. பழனிசாமி, இரண்டு நாள் கழித்து அவையில் நம்பிக்கை கோரினார். வாக்கெடுப்பை இரகசியமாக நடத்த வேண்டும், கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்த உறுப்பினர்கள் தொகுதிக்குச் சென்று திரும்ப அவகாசம் தர வேண்டும் என்று தி.மு.க.வும் ஓ. பன்னீர்செல்வம் அணியும் கோரின. தனபால் இரண்டையும் ஏற்கவில்லை. மேசைகள் கவிழ்ந்தன, ஒலிவாங்கிகள் உடைந்தன. தம்மைப் பிடித்துத் தள்ளினர், சட்டை கிழிந்தது என்று தலைவர் அவையில் கூறினார். பின்னர் தி.மு.க. உறுப்பினர்கள் அவைக்காவலர்களால் வெளியேற்றப்பட்டனர். எதிர்க்கட்சித் தலைவர் மு. க. ஸ்டாலினும் கிழிந்த சட்டையுடனேயே வெளியே வந்தார். காங்கிரசு வெளிநடப்புச் செய்தது.

இருமுறை தள்ளிவைக்கப்பட்டபின் எடுக்கப்பட்ட வாக்கெடுப்பில் தீர்மானத்துக்கு ஆதரவாக 122 பேரும் எதிராக 11 பேரும் வாக்களித்தனர். கோயம்புத்தூர் வடக்கு உறுப்பினர் பி. ஆர். ஜி. அருண்குமார் கூவத்தூரை விட்டு வெளியேறி, வாக்கெடுப்பில் பங்கேற்காமல் ஊர் திரும்பிவிட்டார்.

தமிழ்நாட்டில் பேரவைத் தலைவரின் இருக்கை இத்தகைய கொந்தளிப்பின் நடுவே சிக்கியது இது முதன்முறையன்று. 1972-இல் கே. ஏ. மதியழகன், 1988 சனவரியில் பி. எச். பாண்டியன் ஆகியோர் காலத்தில் நிகழ்ந்தவை இதனினும் கடுமையானவை. 1988-இல் காவல்துறையே அவைக்குள் நுழைந்தது. மூன்று முறையும் ஆளுங்கட்சியின் பிளவே பின்னணி.

தனபாலை நீக்கக் கோரி தி.மு.க. கொண்டுவந்த தீர்மானம் மார்ச் 23, 2017 அன்று எடுத்துக்கொள்ளப்பட்டது. துணைத் தலைவர் பொள்ளாச்சி வ. ஜெயராமன் அவையை நடத்தினார். ஆதரவாக 97 வாக்குகளும் எதிராக 122 வாக்குகளும் கிடைக்க, தீர்மானம் தோற்றது.

பதினெட்டு உறுப்பினர்களின் தகுதி நீக்கம்

தனபாலின் பொதுவாழ்வில் மிகுந்த விளைவுகளை உண்டாக்கிய முடிவு இதுவே. 2017 ஆகத்து 21 அன்று பழனிசாமி, பன்னீர்செல்வம் அணிகள் இணைந்தன. மறுநாள் டி. டி. வி. தினகரனை ஆதரித்த 19 அ.தி.மு.க. உறுப்பினர்கள் ஆளுநர் சி. வித்தியாசாகர் ராவைச் சந்தித்து, முதலமைச்சர்மீது நம்பிக்கை இல்லை எனத் தனித்தனியே கடிதம் கொடுத்தனர். ஆளுநரிடம் கடிதம் கொடுப்பது கட்சியின் உறுப்பினர் தகுதியைத் 'தாமாகவே விட்டுக்கொடுத்தல்' ஆகும் என்று அரசுத் தலைமைக் கொறடா எஸ். இராஜேந்திரன் பேரவைத் தலைவரிடம் முறையிட்டார். அவர்களுள் கம்பம் உறுப்பினர் எஸ். டி. கே. ஜக்கையன் முதலமைச்சர் அணிக்குத் திரும்பினார். எஞ்சிய 18 பேரையும் செப்டம்பர் 18, 2017 அன்று தனபால் தகுதி நீக்கம் செய்தார்.

இதன் கணக்கு எளியது. தேர்ந்தெடுக்கப்படும் 234 இடங்களில் ஜெயலலிதாவின் இராதாகிருஷ்ணன் நகர் ஏற்கெனவே காலியாக இருந்தது. பதினெட்டு இடங்கள் குறைந்ததும் அவையின் எண்ணிக்கை 215 ஆகி, பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணிக்கை 117-இலிருந்து 108-ஆக இறங்கியது. எதிர்ப்பாளர்களின் குறைகூறல் முழுவதும் இதைச் சுற்றியே அமைந்தது: அரசைக் காப்பதற்காகவே அவையைச் சுருக்கினார் என்றனர். கட்சியைக் கவிழ்க்க எதிர்க்கட்சியோடு கைகோத்தவர்களுக்கு எதிராகவே சட்டம் இயற்றப்பட்டது என்று ஆளுந்தரப்பு விடையிறுத்தது.

உறுப்பினர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். சூன் 14, 2018 அன்று வந்தது இருவேறு தீர்ப்பு. தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தலைவரின் முடிவில் தலையிட மறுத்தார், நீதிபதி எம். சுந்தர் அதனை நீக்கினார். மூன்றாவது நீதிபதியான எம். சத்தியநாராயணன் அக்டோபர் 25, 2018 அன்று தகுதி நீக்கம் செல்லும் என்று தீர்ப்பளித்தார். பேரவைத் தலைவர் பத்தாவது அட்டவணையின்கீழ் முடிவெடுக்கும்போது ஒரு தீர்ப்பாயமாகவே செயல்படுகிறார், அம்முடிவு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்று கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்ததால்தான் இவ்வழக்கு விசாரிக்கப்படவே முடிந்தது.

அதுவரை பதினெட்டுத் தொகுதிகளின் மக்கள் உறுப்பினர் இன்றியே இருந்தனர். இவற்றுள் பதினாறு உள்ளிட்ட 18 தொகுதிகளுக்கான இடைத்தேர்தல் ஏப்ரல் 18, 2019 அன்று நடந்தது; எஞ்சிய இரண்டு உள்ளிட்ட நான்கு தொகுதிகளுக்கு மே 19 அன்று நடந்தது. இருபத்திரண்டில் தி.மு.க. 13 இடங்களையும் அ.தி.மு.க. 9 இடங்களையும் பெற்றன. அந்த ஒன்பதே பழனிசாமி அரசு முழுக் காலத்தையும் முடிக்கப் போதுமானதாயிற்று.

இதற்கு மாறாக, பிப்ரவரி 18, 2017 அன்று அரசுக்கு எதிராக வாக்களித்த பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் மீதான முறையீடு நெடுநாள் கிடப்பில் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, மூன்றாண்டுகள் கழிந்து, தலைவர் அவர்களுக்கு விளக்க அறிவிக்கை அனுப்பியபின் 2020 பிப்ரவரியில் முடித்துவைக்கப்பட்டது. பதினெட்டுப் பேர் விவகாரத்தில் நான்கு வாரத்துக்குள் முடிவெடுத்தவர், பதினொருவர் விவகாரத்தில் மூன்றாண்டுகள் எடுத்துக்கொண்டது ஏன் என்ற வினா இன்றும் சட்ட மாணவர்களால் எழுப்பப்படுகிறது. பத்தாவது அட்டவணை கால வரையறை எதையும் விதிக்கவில்லை என்பதும், தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை ஒரு கட்சியின் சின்னத்தில் வென்றவரிடமே அது ஒப்படைக்கிறது என்பதும் இவ்வினாவின் இரு பகுதிகள்.

2019 ஏப்ரல் இறுதியில் அறந்தாங்கி, விருத்தாசலம், கள்ளக்குறிச்சி உறுப்பினர்கள் மூவருக்கும் தனபால் அறிவிக்கை அனுப்பியபோது, தி.மு.க. உடனே இவரை நீக்கக் கோரும் தீர்மானத்துக்கு முன்னறிவிப்புக் கொடுத்தது. தம்மை நீக்கக் கோரும் முன்னறிவிப்பு நிலுவையில் உள்ளபோது தலைவர் தகுதி நீக்க நடவடிக்கை எடுக்கலாகாது என்பது அருணாசலப் பிரதேச வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. அதன்படி மே 6 அன்று இடைக்காலத் தடை கிடைத்தது. அவை கூடியதும் சூலை 1 அன்று தி.மு.க. தன் தீர்மானத்தை வலியுறுத்தாமல் விட்டது.

பிற நிகழ்வுகள்

சூலை 2017-இல் தடைசெய்யப்பட்ட குட்கா பொட்டலங்களைத் தி.மு.க. உறுப்பினர்கள் அவையில் காட்டினர். இதன் தொடர்பில் ஸ்டாலின் உள்ளிட்ட 21 பேருக்கு உரிமைக் குழு அனுப்பிய அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஆகத்தில் நீக்கியது. மீண்டும் அனுப்பப்பட்டதும் 2021-இல் நீக்கப்பட்டது. பிப்ரவரி 12, 2018 அன்று பேரவை மண்டபத்தில் ஜெயலலிதாவின் உருவப்படத்தைத் தனபால் திறந்துவைத்தார். சொத்துக்குவிப்பு வழக்குத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி எதிர்க்கட்சிகள் அவ்விழாவைப் புறக்கணித்தன. கொரோனாத் தொற்றின்போது, இடைவெளி விட்டு அமர்வதற்காக, செப்டம்பர் 2020 கூட்டத்தொடர் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பதிலாகச் சென்னை கலைவாணர் அரங்கில் நடத்தப்பட்டது.

அன்னூரும் அவிநாசி தொகுதியும்

அவிநாசி தொகுதி இரு மாவட்டங்களில் பரவிக் கிடப்பது. அவிநாசி நகரம் திருப்பூர் மாவட்டத்திலும், கோயம்புத்தூர்–சத்தியமங்கலம் சாலையில் அமைந்த அன்னூர் கோயம்புத்தூர் மாவட்டத்திலும் உள்ளன. நாடாளுமன்றத்துக்கோ இரண்டும் நீலகிரி தனித் தொகுதியில் அடங்குகின்றன. இதனால் அன்னூர் விவசாயி ஒருவர் மனு கொடுக்க வேண்டிய அலுவலகங்கள் பல திசைகளில் உள்ளன.

வானம் பார்த்த பூமியான இவ்வட்டாரத்தின் முதன்மைக் கோரிக்கை தண்ணீர். பவானி ஆற்றின் உபரி நீரை வறண்ட குளம், குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தேர்தல் வாக்குறுதியாகவே இருந்தது. 2016 பிப்ரவரியில் இதற்காக அவிநாசியில் காலவரையற்ற உண்ணாநிலைப் போராட்டம் நடந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் தனபால் இங்கு வாக்குக் கேட்டு வந்தார். பிப்ரவரி 28, 2019 அன்று முதலமைச்சர் பழனிசாமி அடிக்கல் நாட்டினார். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுக்கப்படும் 1.5 டி.எம்.சி. நீர், ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டங்களின் 1,045 நீர்நிலைகளுக்குச் செல்கிறது. ஆறாவது நிலையம் அன்னூரில் உள்ளது. ஆட்சி மாறியபின், ஆகத்து 17, 2024 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். திட்டத்தின் பெருமை யாருக்கு என்பதில் இரு கட்சிகளுக்கும் இடையே வழக்கு தீரவில்லை. பிப்ரவரி 2025-இல் அன்னூர் அருகே கஞ்சப்பள்ளியில் திட்டக் கூட்டமைப்பினர் பழனிசாமிக்கு எடுத்த பாராட்டு விழாவை, மேடைப் பதாகைகளில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா படங்கள் இல்லை எனக் கூறி அதே கட்சியின் மூத்த தலைவர் கே. ஏ. செங்கோட்டையன் புறக்கணித்தது, தண்ணீரைவிடப் பெரிய செய்தியாயிற்று.

இத்திட்டத்தில் தொகுதி உறுப்பினரின் பங்கை அளவிடுவது கடினம். பேரவைத் தலைவராக இருப்பவர் வினா எழுப்புவதில்லை, விவாதத்தில் பேசுவதில்லை. அரசியலமைப்பின் 189-ஆம் பிரிவின்படி இருதரப்பு வாக்குகளும் சமமானால் மட்டுமே வாக்களிக்கிறார். தம் தொகுதிக்குரிய குரலை அவர் அமைச்சர் அறைகளிலும் அதிகாரிகளிடமுமே எழுப்ப இயலும். அவிநாசி, அன்னூர் மக்கள் 2016 முதல் ஐந்தாண்டுகள் மாநிலத்தின் உயர்ந்த இருக்கைகளுள் ஒன்றில் தம் உறுப்பினரைக் கண்டனர். ஆயின் அவை நடவடிக்கைக் குறிப்புகளில் அவர்தம் தொகுதிக்கான கேள்விகளைத் தேடினால் கிடைக்கமாட்டா.

2021 மே 12 அன்று மு. அப்பாவு புதிய தலைவராகத் தேர்வு பெற்றபின், தனபால் எதிர்க்கட்சி வரிசையில் சாதாரண உறுப்பினராக அமர்ந்தார். அக்காலத்தில் அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் சுமார் 3,860 ஏக்கரில் தொழிற்பூங்கா அமைக்கும் அரசின் திட்டத்துக்கு விவசாயிகளிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. விவசாயிகளின் நிலத்தை அவர்கள் விருப்பமின்றி எடுப்பதில்லை என்று 2022 டிசம்பரில் அரசு அறிவித்தது.

குடும்பம்

தனபாலின் மகன் லோகேஷ் தமிழ்ச்செல்வன் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நீலகிரி தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளராகப் போட்டியிட்டார். தி.மு.க.வின் ஆ. இராசா வென்ற அத்தேர்தலில், பாரதிய ஜனதா கட்சியின் எல். முருகனுக்கு அடுத்ததாக மூன்றாம் இடத்தைப் பெற்றார்.